மாந்தளிர்ப் புடவையில் கை மாறிய இடம்

அம்மா, என் அம்மா, இடுப்புக்குக் கீழே மண்ணிலும் இடுப்புக்கு மேலே வீட்டிலுமாக இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளே,

இங்கே புங்கமரம் தளிர்த்துவிட்டது.

உனக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். தெருமுனைக் குழாயடி மரம். மாசி முழுக்க இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. உனக்காகத்தான் அப்படி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இருந்தது. பங்குனி பிறந்தது. அது யாரையும் கேட்கவில்லை. ஒரே வாரம். கண் கூசும் பச்சை.

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீர் பிடிக்கப் போனபோது அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்காமல், குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு மல்லிகா அக்கா கேட்டாள்.

"இன்னா வாணி, மரத்தோட சண்டையா?"

"ஆமாங்க்கா."

"அது இன்னா பண்ணும் பாவம். அதுக்கு யாரும் சாவுச் சேதி சொல்லலியே."

சிரித்துவிட்டேன். குடம் நிரம்பி வழிந்து கால் நனைகிற வரை சிரித்தேன். நீ போன பிறகு வந்த முதல் சிரிப்பு.

அது தப்பா, அம்மா?

*

நீ ஐப்பசி மழையில் போனாய். தறியிலிருந்து எழுந்து, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொல்லி, அப்பாவோடு ஆட்டோவில் ஏறினாய். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா மட்டும்தான் இறங்கினார். நான் சென்னையில் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். போன் பைக்குள் சத்தமில்லாமல் இருந்தது. இதைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை. இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அப்பா தன் தறியில் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார். உன் தறி அவருக்கு எதிரே அப்படியே இருந்தது. பாதி நெய்த புடவையோடு. நீ காலை இறக்கி உட்கார்ந்து நெய்த குழியின் மேல், அப்பாவின் தங்கை சேவூர் அத்தை ஒரு பலகையைப் போட்டு மூடினாள். செத்தவர்கள் உட்கார்ந்த குழியை ஒரு வருஷத்துக்குத் திறந்து வைக்கக் கூடாதாம். இதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நான் கேள்விப்பட்டதில்லை. அத்தை அன்றைக்கே உண்டாக்கின சம்பிரதாயம் என்றுதான் நினைக்கிறேன்.

மற்ற சம்பிரதாயங்கள் எனக்குத் தெரியும். வருஷம் முடியும் வரை வீட்டில் பண்டிகை இல்லை. தீபாவளி வந்தது, போனது. பொங்கல் வந்தது, போனது. வாசலில் கோலம் இல்லை. நிலையில் தோரணம் இல்லை. புதுத்துணி இல்லை. மாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த வெறுமை வேண்டியிருந்தது.

ஆனால் கல்யாணம் மட்டும் உண்டாம்.

மாசி மாதத்தில் அத்தை வந்தாள். அப்பாவின் தறிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வருசத்துக்குள்ள முடிச்சிடணும்ண்ணா. இல்லனா மூணு வருசம் தள்ளிப்பூடும். இவளுக்கு இப்பவே இருபத்தாறு. பெரணமல்லூர்ல ஒரு பையன் கீறான். நல்ல எடம்."

"கோலம் போடக் கூடாது, கல்யாணம் மட்டும் பண்ணலாமா அத்த?" என்றேன்.

"அது வேற, இது வேற. நீ சும்மா பேஜார் பண்ணாத."

அப்பா இழை ஓட்டும் நாடாவை விட்டார், பிடித்தார். விட்டார், பிடித்தார். பிறகு தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் முன்பே படித்திருக்கிறேன், அம்மா. உனக்கும் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறதா?

*

போன வருஷத்துக்கு முந்தின வருஷம். விடுமுறை. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதிக்கொண்டு உன் தறிக்குழியின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். நீ அப்பாவின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தாய். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாய். வசந்த காலம் எப்படி வந்தது என்று கிரேக்கர்கள் வைத்திருந்த ஒரு கதை என்றேன்.

"சொல்லு. கை நிக்காது. காது சும்மாத்தானே கீது."

சொன்னேன். டிமீட்டர் என்று ஒரு தெய்வம். பயிர்களுக்கெல்லாம் தாய். அவளுக்கு ஒரே மகள், பெர்செபனி. மகள் வயல்வெளியில் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது மண் பிளந்தது. பாதாளத்து ராஜா ஹேடீஸ் ரதத்தில் ஏறி வந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மண் மூடிக்கொண்டது.

"அப்பங்காரன் ஒருத்தன் இருப்பானே, அவன் இன்னா பண்ணான்?"

அப்பன் ஜீயஸ், தெய்வங்களுக்கெல்லாம் தலைவன். அவன்தான் முன்பே சம்மதம் கொடுத்திருந்தான். தாயிடம் சொல்லவில்லை. மகளிடம் கேட்கவில்லை. ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

நாடா நின்றது. கை நிற்காது என்றவள் நீதான்.

"அப்புறம் அந்தம்மா?"

அந்தம்மா ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு ஊர் ஊராகத் தேடினாள். சாப்பிடவில்லை. குளிக்கவில்லை. கிழவி வேஷத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலை செய்த ஒருத்தி கன்னாபின்னாவென்று தமாஷ் பேசி அவளைச் சிரிக்கவைத்தாள். சிரித்ததும் சோகம் போய்விடவில்லை. கோபம் வந்தது. இனி ஒரு விதையும் முளைக்காது என்றாள். முளைக்கவில்லை. ஊரெல்லாம் பஞ்சம். தெய்வங்களுக்குப் படையல் போட ஆள் இல்லை. ஜீயஸ் இறங்கி வந்தான்.

நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். "ஸ்ட்ரைக் பண்ணிட்டாளா? அப்பிடிப் போடு. கையக் கட்டிகினு உக்காந்தாத்தான் நம்ம வேல இன்னான்னு அவனுங்களுக்குத் தெரியும்."

மகளைத் திருப்பி அனுப்பச் சம்மதித்தார்கள். ஆனால் புறப்படும் நேரத்தில் ஹேடீஸ் அவள் வாயில் மாதுளை முத்துக்களைக் கொடுத்துவிட்டான். கீழே எதையாவது தின்றவர்கள் முழுசாக மேலே வர முடியாது. மூன்று என்று சிலர், ஆறு என்று சிலர், ஏழு என்று சிலர். நான் ஆறு என்று சொன்னேன். ஆறு முத்துக்கு ஆறு மாதம் கீழே. ஆறு மாதம் மேலே. அவள் கீழே இருக்கும்போது தாய் பூமியைத் தரிசாகப் போட்டுவிடுவாள். மகள் மேலே வருகிற நாள்தான் வசந்தம். அவள் கால் படுகிற இடமெல்லாம் பூக்கும். அவர்களுடைய ஊரில் அதைக் கொண்டாடுவார்கள்.

மிதியை மாற்றி மிதித்தாய். பிறகு கேட்டாய்.

"கீழ ஆறு முத்து தின்னதுக்கு ஆறு மாசம்னா, மேல வந்து அம்மா கையால ஒரு உருண்ட சோறு தின்னா கணக்கு மாறாதா? அவன் குடுத்ததுதான் ஒட்டுமா, அவ குடுத்தது ஒட்டாதா?"

கருத்தரங்கில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். என் கேள்வி போலவே கேட்டேன், மன்னித்துக்கொள். பேராசிரியர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். தேநீர் இடைவேளை வந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னாய். பாதாளம் இருட்டு, குளிர், பயங்கரம் என்றெல்லாம் நான் விவரித்தபோது. "எங்களுக்கு இடுப்புக்குக் கீழ தெனமும் பாதாளந்தாண்டி. வெயில் காலத்துல ஜில்லுனு இருக்கும். அவ்ளோ மோசமான ஊரு கெடையாது."

அதை நான் கட்டுரையில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

*

இப்போது கதை தலைகீழாகிவிட்டது. மகள் மேலே. தாய் கீழே. பந்தம் பிடித்துத் தேடுவதற்கு எந்தத் திசையும் இல்லை. அப்பன் தலையாட்டிவிட்டார். விதையை முளைக்காதே என்று சொல்ல என்னிடம் அதிகாரம் இல்லை. புங்கமரம் தளிர்க்கிறது. ஆற்றங்கரை மாமரங்களில் பிஞ்சு. வேம்பு பூத்து வாசலெல்லாம் கொட்டுகிறது. உலகம் என்னோடு ஸ்ட்ரைக்கில் சேரவில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் உன் ஆத்மா சாந்தி அடையட்டும் என்கிறார்கள்.

சாந்தி அடையாதே, அம்மா. எனக்காக. அந்தம்மா மாதிரி இரு.

*

தறியிலிருந்த புடவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும்.

அது முதலாளிக்கு நெய்ததில்லை. எனக்கென்று நீ பட்டு எடுத்து, நீயே நீளவாட்டில் பாவு இழை ஏற்றியது. மாந்தளிர் நிறம். மாமரம் தளிர்க்கும்போது முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் இருக்கிற நிறம். பச்சையும் இல்லை, செம்பும் இல்லை. எதற்கு என்று கேட்டேன். "எதுக்கோ. கட்டிக்கிற அன்னிக்குத் தெரியும்" என்றாய். அப்பாவும் அத்தையும் அதை முகூர்த்தப் புடவை என்றே பேசினார்கள். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பாதிக்குக் கொஞ்சம் மேல் நெய்து வைத்துப் போய்விட்டாய்.

கைத்தறியில் ஒரு புடவைக்கு ஒரு கை. குறுக்கே ஒவ்வொரு ஊடை இழை போட்டதும் தறிப்பலகையை இழுத்து அடிக்கிறோமே, அந்த அடி ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தர் இறுக்கி அடிப்பார். ஒருத்தர் இலேசாக. நடுவில் ஆள் மாறினால், புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும். அதுவரை ஒரு நெருக்கம், அதற்குப் பிறகு வேறு நெருக்கம். கை மாறின புடவை என்பார்கள். கடையில் எடுக்க மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு ஆகவே ஆகாது. ஒரு கையில் தொடங்கி ஒரு கையில் முடிய வேண்டும், கட்டுகிறவள் வாழ்க்கையும் அப்படியே போக வேண்டும் என்று நம்பிக்கை.

"அறுத்துடுங்க" என்றாள் அத்தை. "இருக்கறத ரவிக்கைக்கு வெச்சிக்கலாம். முகூர்த்தத்துக்கு வேற பொடவ எடுத்துக்கலாம். வேற யாரும் கை வெச்சிடப்போறாங்க, அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆவாது."

நான் கை வைத்தால் அது முகூர்த்தப் புடவை ஆகாது என்று அத்தையே வழியைச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

அவள் சேவூர் பஸ் ஏறிய மறுநாள் காலை, பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். குழிக்குள் உன் கால் தேய்த்த மண் வழவழவென்று இருந்தது. ஒரு சிலந்தி. உன் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் நாலு கிராம்பு. கிராம்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கீழே இருந்ததைத் தின்றேன், அம்மா. யாரும் வாயில் திணிக்கவில்லை. தெரிந்தே தின்றேன்.

பிறகு காலை இறக்கி உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. நீ சொன்னது சரி.

எட்டாம் வகுப்பில் விட்ட வேலை. கைக்கு மறந்திருந்தது, காலுக்கு மறக்கவில்லை. நீ சுற்றி வைத்த ஊடைக் குச்சிகள் கூடையில் அப்படியே இருந்தன. முதல் இழை. ஓர் அடி. அப்பா தன் தறியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வெளியே போனார். நான் இன்னொரு இழை போட்டேன்.

ஒரு விரற்கடை நெய்ததும் எழுந்து ஜன்னல் வெளிச்சம் படும்படி குனிந்து பார்த்தேன். கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் நீ, ஒரு காற்றுக்கூட நுழைய முடியாத இறுக்கம். அந்தப் பக்கம் நான், பழகாத கை, இழைக்கு இழை இடைவெளி.

அழகாக இல்லை. உண்மையாக இருந்தது.

*

பங்குனி கடைசி ஞாயிறு. பெரணமல்லூர்க்காரர்கள் வந்தார்கள்.

காலையிலேயே அத்தை வந்துவிட்டாள். நான் தறியில் இருந்தேன்.

"ஜல்தி எழுந்து மொகம் கழுவிகினு வா. பத்து மணிக்கு வந்துடுவாங்க."

"நெய்ஞ்சிகினு இருக்கேன் அத்த."

"இன்னாடி இது? குழியத் திறந்தது யாரு? அண்ணா, இவ இன்னா பண்ணி வெச்சிருக்கா பாரு! கை வெச்சிட்டா!"

அப்பாவுக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

"நான் எழுந்திருக்க மாட்டேன் அத்த. வர்றவங்க இங்கயே பாத்துக்கட்டும்."

"பொண்ணு பாக்க வர்றவங்க எதிர்ல பாதி ஒடம்ப மண்ணுக்குள்ள வெச்சிகினு உக்காந்திருப்பியா?"

"ஆமா."

கார் வந்து நின்றது. நம் வீட்டில் தறியைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. பையனின் அப்பா, அம்மா, பையன். பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர். மூன்று பேரும் தறி முன்னால் வந்து நின்றார்கள். அத்தை நாற்காலி போடக்கூட மறந்து நின்றாள். அவளை அப்படிப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

பையனின் அம்மா நெசவு வீட்டில் பிறந்தவர் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்தார். குனிந்து துணியை உள்ளங்கையில் ஏந்தி ஜன்னல் பக்கம் சாய்த்தார்.

"இது வரைக்கும் யார் நெய்ஞ்சது?"

"எங்கம்மாங்க."

"இதுக்கப்புறம்?"

"நான்."

அவர் விரல் அந்தக் கோட்டின் மேலேயே போய்த் திரும்பியது. "இதுவா முகூர்த்தப் பொடவ?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க, சும்மா பொழுதுபோகாம..." என்று அத்தை ஓடி வந்தாள்.

அப்போதுதான் அப்பா பேசினார். உனக்கே தெரியும், அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

"அப்பிடித்தாங்க நெனச்சிகினு இருந்தோம். இனிமே ஆவாது. கை மாறிடுச்சி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உனக்கு இதுல இஷ்டமா?"

அம்மா, இந்தக் கேள்வியை ஜீயஸ் கேட்கவே இல்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஒருத்தர் சொன்னதிலும் அவன் கேட்டதாக இல்லை. உன் புருஷன் கேட்டார். தாமதமாக, வந்தவர்கள் முன்னால். ஆனால் கேட்டார்.

"இல்லப்பா."

"இல்லியாம்ங்க" என்றார் அவர்களிடம். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் முன்னாடியே கேட்டிருக்கணும்."

பையனின் அப்பா உறுமினார். பையன் முகத்தில் எனக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கும் வீட்டில் யாரோ தலையாட்டியிருப்பார்கள். பையனின் அம்மா துணியைக் கீழே விட்டார்.

"பொண்ணு வாயால சொல்லிட்டுது. அப்புறம் இன்னா." கொஞ்சம் யோசித்து, "உங்கம்மா கை நல்ல கை. நீ இன்னும் இறுக்கி அடிக்கணும்" என்றார்.

போய்விட்டார்கள். காப்பி ஆறிக் கிடந்தது.

அத்தை அழுதாள். "அவ அம்மா மாதிரியே திமிரு" என்றாள். "என்ன அவமானப்படுத்திட்டீங்க. இனிமே இந்த வாசப்படி மிதிச்சா பாரு." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அத்தையைப் பதினேழு வயதில் கொடுத்தார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அவளிடம் யாராவது கேட்டார்களா? அவள் எத்தனை முத்து தின்றாளோ. அவளுக்கு மேலே வருகிற மாதம் என்று ஒன்று உண்டா? அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

மத்தியானம் அப்பா சமையற்கட்டில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டு வந்து குழியோரம் உட்கார்ந்தார். நீ நெய்யும்போது எனக்கு உருட்டிக் கொடுப்பாயே, அதே அளவு உருண்டை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் மேலே ஏறி உட்கார்ந்ததும் என் கையில் வைத்தார்.

"உப்பு சரியா இருக்குதா?"

உப்பே இல்லை. நான் தலையாட்டினேன். நானும் தலையாட்டினேன் பார்.

தின்றேன். மேலே வந்து தின்ற சோறு ஒட்டுமா என்று கேட்டாயே. ஒட்டுகிறது, அம்மா. கணக்கு மாறுகிறது.

*

சித்திரை முதல் நாள் காலை முந்தானையை முடித்து அறுத்தேன்.

துக்க வருஷம் இன்னும் முடியவில்லை. எனக்குத் தெரியும். தெருவில் எல்லா வாசலிலும் கோலம். நம் வாசலிலும் போட்டேன். பெரிய கோலம். மல்லிகா அக்கா தன் கோலத்தை விட்டு எழுந்து வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா வாணி, சாவு வீட்டுல கோலமா?"

"ஆமாங்க்கா."

"யாரு வர்றாங்க?"

"ஒரு பொண்ணு பாதாளத்துல இருந்து வர்றா. அவ வர்ற நாளு இன்னிக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப செருப்பு இல்லாம வருவா. வெயில்ல காலு பொசுங்கிடும். ஜல்தி தண்ணி தெளி." தானே வாளியை எடுத்துக் கோலத்துக்கு வெளியே தெருவில் தெளித்தாள். துக்கத்தில் இருந்த தெய்வத்தைச் சிரிக்கவைத்த அந்த வேலைக்காரியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

மாவிலைத் தோரணம் கட்டினேன். வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் போட்டுப் பச்சடி செய்தேன். பஸ் ஸ்டாண்டு பழக்கடையிலிருந்து அப்பா ஒரு மாதுளை வாங்கி வந்தார். நான் சொல்லவில்லை. நம் கதையை அவரும் அன்றைக்குத் தன் தறியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். இத்தனை நாள் சொல்லவில்லை பார்.

பழத்தை உடைத்து மூன்று பங்காக வைத்தோம். கதையைக் கேட்டதும் மல்லிகா அக்காவுக்குப் பயம். "எத்தினி திங்கணும்? நான் பாட்டுக்கு அதிகமா தின்னுட்டு மாட்டிக்கப்போறேன்."

"எண்ணாம தின்னுங்க்கா."

எண்ணாமல் தின்றோம். விரலெல்லாம் சிவப்பு.

அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டேன். துக்க வருஷத்தில் புதுத்துணி. கை மாறின துணி. கோடு இடுப்பிலிருந்து பாதம் வரை நெடுக விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி நெய்தது, அந்தப் பக்கம் ஒருத்தி நெய்தது. அப்படியே தெருவில் இறங்கிக் குழாயடி வரை நடந்தேன். இரண்டு பேர் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் வண்டியை நிறுத்தி, "நல்ல கலரும்மா" என்றார். சேவூர்ப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸின் ஜன்னலில் அத்தை இருந்தாளா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் பார்த்திருக்கட்டும்.

புங்கமரத்தின் கீழ் நின்றேன். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன். வெயில் இலை வழியாக விழுந்தது. மரத்தை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சமாதானம் இல்லை. ஆனால் அது பச்சையாக இருக்கட்டும். அதன் பச்சையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். உன்னை எடுத்துக்கொண்டவர்களிடம் வசந்தத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை.

*

என் பேராசிரியரிடம் பேசிவிட்டேன். தை முதல் ஆனி வரை இங்கே ஆரணி. ஆடி முதல் மார்கழி வரை சென்னை. ஆய்வேட்டை இரண்டு இடத்திலும் எழுதலாம் என்றார். ஆறு மாதம், ஆறு மாதம். எனக்கு யாரும் விதிக்கவில்லை, அம்மா. நானே எண்ணி எடுத்துக்கொண்டது. இதில் எது மேல், எது கீழ் என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

ஒரு சத்தியம் செய்து முடிக்கிறேன்.

புடவையை அறுத்தபோது பாவு இழைகளை முழுசாக உருவிவிடவில்லை. தறியின் அச்சுப் பற்களில் கோத்த நுனிகளை ஒரு முழத்துக்கு அப்படியே விட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான இழை நுனிகள். ஒவ்வொன்றும் நீ கோத்தது. புதுப்பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் உன் ஒவ்வொரு நுனியோடு முறுக்கிப் பிணைப்பேன். ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டேன். இனி அந்தத் தறியில் எந்தப் புடவை வந்தாலும் உன் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வரும். ஒவ்வொரு பங்குனியிலும் குழியின் பலகையைத் தூக்குவேன். துக்கமோ இல்லையோ, யார் தடுத்தாலும், வாசலில் கோலம் இருக்கும். நீ வெறுங்காலோடு வரலாம். தண்ணீர் தெளித்து வைத்திருப்பேன்.

உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு,
இனி இறுக்கி அடிக்கப்போகிற உன் மகள்,
வாணி
ஆரணி, சித்திரை